பேரே லெக் கார்டுதானே

மார்த்தாண்டத்தில் ஒரு பைக் ஷோரூமில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம் வெளியே வந்தேன். அதில் பதினெட்டு வருடம் ஆக்சசரீஸ் கவுண்ட்டர் என் பொறுப்பு. புது வண்டியோடு சேர்த்து மாட்டும் கம்பி, குமிழ், கவர் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். அங்கே என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'இன்ஜின் அக்கா' என்று பெயர். வண்டியின் முன்பக்கம் இரண்டு புறமும் வளைந்து நிற்கும் இரும்புக் குழாயை இந்தப் பக்கத்தில் எல்லோரும் லெக் கார்டு என்பார்கள். நான் இன்ஜின் கார்டு என்பேன். லெக் கார்டு கேட்டு வருகிறவரைத் திருத்திய பிறகுதான் எடுத்தே கொடுப்பேன். வாங்க வந்தவனுக்குப் பாடம் நடத்துகிற கிறுக்கி என்று சிரித்தவர்கள் உண்டு.

இப்போது அந்தக் கவுண்ட்டரில் இருக்கும் ரம்யா போன வாரம் போன் செய்தாள். "எக்கா, அந்தப் பேர நீங்க ஏன் சொல்ல விடமாட்டிய? புதுசா வந்த பிள்ளையளு கேக்குதுவ. எது எதுக்கு, எப்படிப் பாத்து மாட்டணும்னு ஒரு பேப்பர்ல எழுதித் தாங்க, செவுத்துல ஒட்டிப் போடுதேன்" என்றாள். செவரில் ஒட்டக்கூடியதை முதலில் எழுதிவிடுகிறேன். மீதியைப் படித்த பிறகு அவள் எதையும் ஒட்டுவாளா என்பது வேறு விஷயம்.

வண்டி நின்ற இடத்தில் சாய்ந்தாலும், மெதுவாகப் போகும்போது சறுக்கினாலும், இன்ஜின் கவரும் டேங்கும் தரையில் படாமல் தாங்குவதற்குத்தான் அந்தக் குழாய். ஸ்லைடர் என்று விற்கிற கெட்டி நைலான் குமிழும் அதற்குத்தான். தார் ரோட்டில் தேய்ந்து, வண்டியின் உடம்பைக் காப்பாற்றும். வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல, அது வண்டியில் எங்கே பிடிக்கிறது என்பதை. இன்ஜினைத் தாங்கும் கெட்டியான போல்ட்டில் பிடிக்கிறதா, சும்மா ஒரு கிளாம்பில் தொங்குகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். மாட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு வந்து போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். ஒரு தடவை விழுந்து வளைந்த குழாயைத் தட்டி நிமிர்த்தி மாட்டக் கூடாது. சேலை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் மாட்டியிருக்கும் சாரி கார்டை, 'லுக்கு போவுது' என்று கழற்றச் சொல்பவனை வந்த வழியே அனுப்ப வேண்டும். காலைக் காப்பது காலில் போடும் சாமான். உயரமான பூட்ஸ், முட்டுக்குப் போடும் கார்டு. குழாய் காலைக் காக்காது. செவரில் ஒட்டுவதற்கு இவ்வளவு போதும்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்தது இல்லை. பில் போடும் வேலைக்குச் சேர்ந்தவள் நான். பைக் ஓட்டத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. கவுண்ட்டருக்கு மாற்றியபோது, ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்பில் நின்று படித்துக்கொள் என்று அனுப்பினார்கள். சொல்லிக் கொடுத்தவர் ஃபிட்டர் தாணு அண்ணன். சுசீந்திரம் பக்கத்துக்காரர். பேச்சு குறைவு, சிடுசிடுப்பு கூடுதல். மூன்றாம் நாள், விபத்தில் சிக்கி வந்த ஒரு வண்டியின் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார். அதில் மூன்று வளைவு வைத்த பெரிய கார்டு. ஒரு பக்கம் முழுவதும் பின்னோக்கி மடங்கி இன்ஜினோடு ஒட்டிக் கிடந்தது.

"விரலை உள்ள விடு" என்றார்.

குழாய்க்கும் இன்ஜினுக்கும் நடுவே என் சுண்டுவிரல் போகவில்லை.

"இந்த எடத்துலதான் ஓட்டுகவனுக்க கால் இருக்கும். சும்மா விழுந்தா வண்டிய இது தாங்கும். பக்கத்துல இருந்து ஒருத்தன் வந்து இடிச்சான்னு வையி, கம்பி மடங்கிக் காலப் புடிச்சிக்கிடும். சின்ன கார்டு ஒடிஞ்சி தெறிக்கும். இது தெறிக்காது, அம்புட்டு கனம். பெருசு வேணும்னு கேக்கவனுட்ட இத ஒருக்கா சொல்லிப் போடு, கேட்டியா?"

கேட்டேன். இதை அழுத்தி எழுதுகிறேன். கவுண்ட்டரில் உட்காருவதற்கு முன்பே எனக்கு இது தெரியும்.

கவுண்ட்டரில் உட்கார்ந்த பிறகு எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் மேனேஜர். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் ஷோரூமில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. பெண்களை எல்லாம் மகளைப் போல 'மோளே' என்றுதான் கூப்பிடுவார். யாருக்காவது காய்ச்சல் என்றால் அவரே ஆட்டோ பிடித்து அனுப்புவார். காலையில் கடை திறந்ததும் ஒரு மஞ்சள் துணியோடு என் கவுண்ட்டருக்கு வருவார். பெரிய கார்டை மட்டும் தன் கையால் துடைத்து, வாங்க வருபவரின் கண் மட்டத்தில் வைப்பார். ஸ்லைடர் கீழ்த்தட்டில் கிடக்கும். சின்ன கார்டு கேட்டால்தான் வெளியே வரும்.

விற்பதற்கு அவரிடம் இரண்டு விதி உண்டு. முதல் விதி, சாமானைப் பற்றி வாயைத் திறப்பதற்கு முன் அதை வாங்குபவரின் கையில் கொடுத்துவிட வேண்டும். "கனத்தக் கையில குடு மோளே. மீதிய அவனே பேசிக்கிடுவான்" என்பார். இரண்டாவது விதி, அவர்கள் சொன்ன வார்த்தையையே திருப்பிச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஒருவரிடம் நான், "இது காலுக்கு இல்ல, இன்ஜினுக்கு" என்று சொன்னதும், அவர் எதையும் வாங்காமல் போய்விட்டார். மேனேஜர் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார். "அவன் லெக் கார்டுன்னு கேட்டா நீயும் லெக் கார்டுன்னு சொல்லு. நாமளா பேரு வச்சோம்? ஊரு வச்ச பேரு. நீ எதுக்கு வாத்தியார் வேல பாக்குத?"

ஊர் வைத்த பேர்தான். அதில் பொய் இல்லை. அந்த மனிதரின் சாமர்த்தியம் அதுதான். ஒரு பொய்யும் சொல்லாமல் பொய்யை நடத்திக் காட்டுவார். நானும் சீக்கிரமே பழகிக்கொண்டேன். தாணு அண்ணன் சொன்னதைச் சொல்லிவிட்டு மேனேஜரின் முகத்தைப் பார்ப்பதைவிட, சொல்லாமல் இருப்பது சுகமாக இருந்தது.

வயர்மேன் சுயம்பு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. புதுக்கடைப் பக்கத்துக்காரர், மின்வாரியத்தில் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். அய்யாவழிக் குடும்பம். வண்டியை எடுப்பதற்கு முன் அவருடைய மனைவி ஹெட்லைட்டின் மேல் விரலால் வெள்ளை நாமம் இட்டார். ஆறு வயது மகள் புது சீட்டின் பாலிதீனைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு அவர் மட்டும் என் கவுண்ட்டருக்கு வந்தார். மற்றவர்கள் மாதிரி விலையிலோ பளபளப்பிலோ தொடங்கவில்லை.

"எக்கா, எனக்கு போஸ்ட்டுல ஏறுக வேல. காலுதான் எனக்குச் சோறு. மழையிலயும் கரண்டு போனா ஓடணும். காலுக்கு எது நல்லதோ அத நீங்களே பாத்துத் தாங்க."

பதினெட்டு வருடத்தில் இவ்வளவு நேராக என்னிடம் யாரும் கேட்டதில்லை. சின்ன கார்டு, பெரிய கார்டு, ஸ்லைடர் மூன்றையும் மேசையில் வைத்தேன். பெரியதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்தார், தன் கெண்டைக்காலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப இது காலுக்குத்தானே?"

கண்ணாடி அறையில் மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்ப்பது தெரிந்தது. நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். "பேரே லெக் கார்டுதானே தம்பி."

அவரும் சிரித்தார். தாணு அண்ணன்தான் அதை மாட்டினார். மாட்டும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அடுத்த ஆளுக்கு பில் எழுதக் குனிந்துகொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து சுயம்பு சர்வீசுக்கு வந்தார். முடித்து வெளியே போன ஐந்தாவது நிமிடம், ரோட்டில் ஒரு சத்தம். பக்கத்துச் சந்திலிருந்து ஏறிய ஒரு டெம்போ அவருடைய இடது பக்கத்தில் இடித்துவிட்டது. இரண்டு வண்டியும் வேகமாக வந்தவை அல்ல. மார்த்தாண்டத்து நெரிசலில் யாரால் வேகமாகப் போக முடியும்? ஹெல்மெட் தலையில் இருந்தது. உடம்பில் வேறு எங்கும் பெரிய காயம் இல்லை. ஆனால் கூட்டம் அவரைத் தூக்கப் பார்த்தபோது தூக்க முடியவில்லை. கால் வரவில்லை. யாரோ எங்கள் கடைக்கு ஓடி வந்து, "ஸ்பேனர் எடுத்துட்டு வாருங்க" என்று கத்தினார்கள்.

தாணு அண்ணன் முன்னால் ஓட, டூல் பெட்டியோடு நான் பின்னால் ஓடினேன். அந்தக் கார்டுக்கு மேலே கிளாம்பில் இரண்டு போல்ட், கீழே இன்ஜினோடு சேர்த்து ஒரு போல்ட். மேலே இரண்டும் கழன்றன. கீழ் போல்ட்டின் தலையை மடங்கிய குழாயே மூடிக்கொண்டிருந்தது, ஸ்பேனர் நுழையவில்லை. தாணு அண்ணன் ரம்பத்தை எடுத்தார். குழாயை அறுக்க ஆரம்பித்ததும் ஒவ்வொரு இழுப்பும் சுயம்புவின் காலில் இறங்கியது. நான் ரோட்டில் உட்கார்ந்து அவருடைய தலையை மடியில் பிடித்துக்கொண்டேன்.

அவர் அலறவில்லை. என்னை அடையாளம் தெரிந்தது. "எக்கா, கால் கார்டுக்கு உள்ளதானே இருக்கு? உள்ளதானே இருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உள்ளே இருந்தால் பத்திரம் என்று நம்பிக் கேட்டார். நான் "உள்ளதான் இருக்கு தம்பி" என்றேன். தாணு அண்ணன் அறுப்பதை நிறுத்தாமலே, "வாயப் பொத்திட்டு இரி" என்றார். அவரிடம் சொன்னாரா, என்னிடம் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். 

அடுத்த மாதம் ஷோரூமுக்கு ஒரு புகார்க் கடிதம் வந்தது. சுயம்பு தன் மச்சினரை வைத்து எழுதியிருந்தார். காலுக்குப் பாதுகாப்பு என்று கவுண்ட்டரில் இருக்கும் அம்மா சொல்லித்தான் வாங்கினேன், அதற்குப் பதில் வேண்டும் என்று இருந்தது. கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். டீ வந்தது. பதில் ஏற்கெனவே டைப் அடித்து இருந்தது. 'மேற்படி சாதனம் வாகனத்தின் இன்ஜினைப் பாதுகாப்பதற்கு மட்டுமே என்பதையும், காலுக்குப் பாதுகாப்பு அளிக்காது என்பதையும் வாடிக்கையாளருக்கு நான் தெளிவாக எடுத்துக் கூறினேன்.' கீழே என் பெயர்.

"நான் சொல்லல சார்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மோளே, ஒரு நாளைக்கு நீ எத்தன பேருட்ட பேசுத? போன வாரம் வந்தவனுட்ட என்ன சொன்னேன்னு கேட்டா உனக்கு ஓர்மை இருக்கா?"

"இவருட்ட சொன்னது ஓர்மை இருக்கு சார்."

"அவனுக்கு ஓர்மை இருக்குமா? கால் போன மனுசன். நீ சொல்லியிருப்ப, அவன் கேட்டிருக்க மாட்டான். நீ நல்ல பிள்ளையாச்சே, சொல்லாம இருப்பியா? டீ ஆறுது, குடி."

அரை மணி நேரம் இப்படியே பேசினார். மிரட்டினார் என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், ஆனால் அவர் மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்று நானாகத்தான் பயந்தேன். பேனாவை மேசையில் வைத்துவிட்டு அவர் ஒரு போன் பேச வெளியே போனார். திரும்பி வரும்போது நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். இந்த ஊரில் ஓர்மை என்றால் ஞாபகம். அந்த வார்த்தையை நான் இப்போது வாயில் எடுப்பதில்லை.

தாணு அண்ணனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெற்றுப் போகும்வரை என்னோடு வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

வழக்கு வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தால் கோர்ட்டில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வழக்கு வரவில்லை. ஒரு நாள் காலை சுயம்புவே வந்தார், இரண்டு பக்கமும் கட்டை ஊன்றி. அவருடைய சட்டைப் பையில் எங்கள் கடிதம் மடித்து இருந்தது.

"எக்கா, நீங்க அன்னைக்கே சொன்னியளாமே" என்றார். "எனக்குச் சுத்தமா ஓர்மை இல்ல. பெருசக் கையில வாங்குனதும் வேற ஒண்ணும் காதுல ஏறல போல. தெரியாம உங்க பேர இழுத்துட்டேன். மனசுல வச்சிக்கிடாதீங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்பதற்காக, பஸ் மாறி, அந்தக் கட்டையோடு வந்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். 'பரவாயில்ல தம்பி' என்றுதான் வந்தது.

அன்றிலிருந்துதான் நான் லெக் கார்டு என்ற பெயரை விட்டேன். வருகிறவர்களை எல்லாம் திருத்தினேன். குழாயின் பக்கத்தில் குனிய வைத்து, கால் எங்கே இருக்கும், எப்படி மடங்கும் என்று காட்டினேன். பெரியதைக் கீழ்த்தட்டில் போட்டேன். மேனேஜர் என்னைத் திட்டுவார், கவுண்ட்டரை மாற்றுவார், அந்தத் தண்டனையாவது கிடைக்கும் என்று காத்திருந்தேன். அவர் ஒரு வாரம் என்னைக் கவனித்துவிட்டுச் சொன்னார். "கொள்ளாம், நல்லா இருக்கு மோளே. இப்படியே சொல்லு. நாளைக்கு யாரும் வந்து கேட்டாலும், இந்த கவுண்ட்டர்ல எப்பவும் சொல்லித்தான் குடுக்கோம்னு ஆயிப்போச்சு இல்லியா?" நான் செய்த பிராயச்சித்தத்தையும் அந்தக் கடிதத்துக்குச் சாட்சியாக்கி ஃபைலில் வைத்துவிட்டார். அவர் ஓய்வு பெற்ற அன்று நான்தான் மாலை போட்டேன்.

ரம்யா, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். நியாயத்துக்காக நான் அந்தப் பெயரைத் திருத்தவில்லை. அந்தப் பெயரைக் கேட்கச் சகிக்காமல் திருத்தினேன். பொய் சொல்லாத கவுண்ட்டர் என்று நம் கடைக்குப் பேர் வந்ததே, அது இப்படி வந்த பேர்.

என் கடைசி வாரத்தில், நீ சாப்பிடப் போயிருந்த நேரம், சுயம்பு வந்தார். இப்போது செயற்கைக் கால். மின்வாரிய ஆபீசில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருக்கிறார்கள். கூடவே மகள். சீட்டின் பாலிதீனைப் பிய்த்த அதே பெண், குழித்துறையில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறாள், தன் சம்பளத்தில் பைக் எடுக்க வந்திருந்தாள். ஸ்கூட்டர் வேண்டாமாம், பைக்தான் வேண்டுமாம்.

"இந்த எக்காதான்" என்று மகளிடம் என்னைக் காட்டினார்.

அவள் என்னைக் கும்பிட்டாள். "அப்பா எப்பவும் உங்களப் பத்திச் சொல்லுவாவ. எங்க வீட்டுல எதுக்காவது எதுத்துப் பேசுனா, அந்த எக்கா சொன்னதக் கேக்காமத்தான் எனக்க கால் போச்சுன்னு ஆரம்பிச்சிருவாவ. சின்னதுல இருந்து இதக் கேட்டுக் கேட்டு எனக்குப் பாடம்."

வளர வளர இதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். அப்பா அசட்டை, அதனால் கால் போயிற்று என்று. அந்த வீட்டில் அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மேனேஜர் இல்லை, வேலை போகும் பயம் இல்லை, இன்னும் நான்கு நாள். சுயம்புவின் முகத்தைப் பார்த்தேன். மகளுக்கு என்னைக் காட்டுவதில் அவருக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. நான் குனிந்து சின்ன கார்டையும் ஸ்லைடரையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

அந்தப் பெண்ணை ஒரு வண்டியின் பக்கத்தில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். இது இன்ஜினுக்கு, காலுக்கு இல்லை. பக்கத்திலிருந்து இடித்தால் உள்ளே மடங்கும். இதன் மேல் காலைத் தூக்கி வைத்து ஓட்டாதே. காலுக்கு வேண்டும் என்றால் பூட்ஸ் வாங்கு, முட்டுக்குக் கார்டு வாங்கு, இந்தக் குழாயை நம்பாதே. அவளுடைய அப்பாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய ஒவ்வொரு வார்த்தையையும் சொன்னேன். சுயம்பு மேசையில் கையை ஊன்றி நின்று, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கேட்டியா மக்கா?" என்றார் மகளிடம். "அன்னைக்கும் இதேதான் சொன்னாவ. இப்ப எனக்கு நல்லா ஓர்மை வருது."